வீட்டில் மூன்று பேர்

மேலக்காவேரி, கும்பகோணம்
22 ஜூன் 2025

அன்பு மச்சானுக்கு, அனீஸாவின் ஸலாம்.

அல்லாஹ்வின் கிருபையால் நானும் மாமியும் சுகமாக இருக்கிறோம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? முதுகு வலிக்கு நான் கொடுத்தனுப்பிய எண்ணெயைத் தடவுகிறீர்களா, இல்லை பெட்டியிலேயே தூங்குகிறதா?

இந்தக் காலத்தில் போய் கடிதமா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். வெள்ளிக்கிழமை நீங்கள் போன் செய்தால் மாமி ஸ்பீக்கரைப் போட்டுக் கூடத்து நடுவில் வைத்துவிடுகிறார். எதிர்வீடு, பக்கத்துவீடு எல்லாரும் ஸலாம் சொல்லி முடித்து என் முறை வரும்போது, "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதோடு கட்டாகிவிடுகிறது. மாமியைக் குறை சொல்லவில்லை. மாமா மௌத்தான பிறகு உங்கள் குரல்தான் அவருக்கு எல்லாம். ஆனால் எனக்கும் பேச நாலு வார்த்தை இருக்கிறது. கல்யாணமாகி நாலு வருஷத்தில் நாம் சேர்ந்து இருந்தது எண்பத்தொன்பது நாள். அதனால்தான் துணி வியாபாரத்துக்காக அங்கே போய்வரும் மூஸா அண்ணன் கையில் கொடுக்கும் முறுக்கு டப்பாவுக்கு அடியில் இதை வைக்கிறேன். முறுக்கை ரூமில் எல்லாருக்கும் கொடுங்கள், கடிதத்தைக் கொடுக்காதீர்கள்.

சேதி என்னவென்றால், எனக்கு வேலை கிடைத்துவிட்டது. யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று வீடு வீடாகப் போய்க் கேட்பதுதான் வேலை! அரசாங்கக் கணக்கெடுப்பில் ஒப்பந்த வேலைதான். தஞ்சாவூரில் மூன்று நாள் பயிற்சி கொடுத்து, பதில்களைப் பதிவு செய்யக் கையில் ஒரு டேபையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். போன ஏழு நாளில் ஒரு மணி நேரமாவது வேலை பார்த்தீர்களா என்று கேட்க வேண்டும். ஆமாம் என்றால் அவர் வேலையில் இருப்பவர். இல்லை, தேடுகிறேன் என்றால் வேலையில்லாதவர். இல்லை, தேடவும் இல்லை என்றால் அவர் இரண்டிலும் சேராதவர்.

முதல் நாளே வலங்கைமான் பக்கத்தில் ஒரு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். குவைத்தில் இருக்கும் மகன் பெயரை எழுதச் சொன்னார். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருப்பவரை அந்த வீட்டு ஆளாக எழுதக் கூடாது என்பது விதி. முடியாது என்றதும், "பெத்தவ நான் சொல்றேன், நீ எழுத மாட்டியா?" என்று அடிக்க வராத குறைதான். பஸ்ஸில் வரும்போது உங்களை நினைத்துக்கொண்டேன்.

பதில் போடுங்கள். ஒரு பக்கமாவது.

துஆவுடன்,
அனீஸா


ஷார்ஜா
13 ஜூலை 2025

அன்புள்ள அனீஸா, வ அலைக்கும் ஸலாம்.

நான் நலம். அம்மாவின் சர்க்கரை மாத்திரை தவறாமல் போகிறதா?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முறுக்கு ஒரே நாளில் தீர்ந்தது. உனக்கு வேலை கிடைத்ததில் ரொம்பச் சந்தோஷம். பி.காம் படித்துவிட்டு சும்மா இருக்கிறேன் என்று நீ மூக்கைச் சிந்தியது இனி இல்லை.

எனக்கு ஸ்டோர் வேலை வழக்கம்போலப் போகிறது. ரூம் மட்டும் மாற்றிவிட்டேன். நம் ஊர் அஹமது கபீர் இருக்கிறானே, அவன் ரூமுக்கு வந்துவிட்டேன். இங்கே வசதி அதிகம், ஆறு பேர்தான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் நானே மீன் குழம்பு வைத்தேன். எல்லாரும் வேலைக்குப் போயிருந்ததால் தனியாகச் சாப்பிட்டேன். அம்மா கைப்பக்குவம் வரவில்லை, ஆனால் மோசமும் இல்லை.

வேறு விசேஷம் இல்லை. நீ வீடு வீடாகப் போவதைப் பற்றி எழுது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஃபாஜில்


மேலக்காவேரி
5 ஆகஸ்ட் 2025

அன்பு மச்சானுக்கு ஸலாம்.

மாமிக்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது, வாய்தான் கட்டுப்பாட்டில் இல்லை. நேற்று எனக்குத் தெரியாமல் அல்வா வாங்கி அரிசி டின்னில் வைத்திருந்தார். நான் நலம். வெயிலில் அலைந்து கறுத்துவிட்டேன், அடையாளம் தெரியாவிட்டால் என்மேல் குற்றமில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஸ்டோருக்கு லீவா?

வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். நேற்று வலங்கைமானுக்கு உள்ளே ஒரு வீடு. வீட்டுக்காரர் மூன்று மா நிலம் குத்தகைக்குச் செய்கிறார், ரோட்டோரம் டீக்கடையும் உண்டு. அவர் மனைவி அமிர்தத்திடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். "நா சும்மாதாங்க இருக்கேன்" என்றார். அப்படி எழுதிவிட்டு எழுந்திருக்கக் கூடாது, தோண்டிக் கேட்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். தோண்டினேன். விடிகாலையில் கடைக்கு வடை மாவு அரைத்துக் கொடுக்கிறார். குறுவை நடவுக்குத் தன் வயலிலேயே நாலு நாள் இறங்கியிருக்கிறார். களை எடுத்திருக்கிறார். இதற்கெல்லாம் கையில் ஒன்றும் வராது. ஆனாலும் அவர் வேலையில் இருப்பவர், அதுதான் விதி. நான் டேபில் குறித்ததும் எட்டிப் பார்த்து என்ன எழுதினாய் என்று கேட்டார். வேலை பார்க்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறேன் என்றேன். அவர் டேபை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு, "இத எங்க வீட்டுக்காரர்ட்ட ஒரு தடவ சொல்லிட்டுப் போங்க" என்றார்.

மச்சான், நான் ஒரு நாளைக்கு ஏழெட்டு வீட்டுக்குப் போகிறேன். யார் யாரோ தங்கள் கஷ்டத்தையெல்லாம் என்னிடம் கொட்டுகிறார்கள். வீட்டுக்கு வந்தால், நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு ஆள் இல்லை. மாமி டிவி பார்ப்பார், நான் சோறு வடிப்பேன்.

உங்கள்
அனீஸா


ஷார்ஜா
16 செப்டம்பர் 2025

அன்புள்ள அனீஸாவுக்கு,

ஸலாம். நலம், நலமறிய ஆவல். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். மூஸா அண்ணன் இந்தத் தடவை என்னைப் பார்க்க முடியாமல் இரண்டு நாள் அலைந்தார்.

ஒரு சந்தேகம். எங்கள் ரூமில் ஒருத்தர் இருக்கிறார். கம்பெனி ஆள் குறைத்ததில் ஜூன் மாதமே அவருக்கு வேலை போய்விட்டது. இப்போது வாரத்தில் இரண்டு நாள் காய்கறி மார்க்கெட்டில் வெங்காயப் பெட்டி இறக்கப் போகிறார். கூப்பிட்டால் போவார், கூப்பிடாவிட்டால் ரூமில் இருப்பார். உன் கணக்குப்படி அவரை என்னவென்று எழுதுவாய்? ரூமில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது, அதனால்தான் கேட்கிறேன்.

அம்மாவிடம் நான் நன்றாக இருப்பதாகச் சொல்.

ஃபாஜில்


மேலக்காவேரி
1 அக்டோபர் 2025

அன்பு மச்சானுக்கு, அனீஸா எழுதிக்கொண்டது.

மாமிக்குச் சுகம். எனக்கும் குறையில்லை.

உங்கள் கடிதத்தை மூஸா அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். மச்சான் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "நல்லா இருக்காப்ல" என்று சொல்லிவிட்டு, டீ போடுகிறேன் என்றதற்கும் நிற்காமல் போய்விட்டார். நம் வீட்டு டீயைக் குடிக்காமல் போகிற ஆளா அவர்?

ரூம்காரரைப் பற்றிக் கேட்டீர்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் பெட்டி தூக்கினாலும் அவர் வேலையில் இருப்பவர்தான். இது நம் ஊர் விதி. அங்கே எப்படியோ தெரியாது. பயிற்சியில் நான் இதை எதிர்த்துக் கேட்டேன், ஒரு மணி நேரத்தில் ஒரு மனுஷன் பிழைத்துவிடுவானா என்று. பொருளாக ஏதாவது உண்டாகிறதா என்று கணக்குப் போட வைத்த விதி அம்மா இது, வயிறு நிறைந்ததா என்று பார்க்க வைத்ததில்லை என்று சார் சொன்னார். அந்த வகையில் அவர் சொன்னதும் சரிதான். ஆனால் இன்னொன்றும் உண்டு. நம் பட்டியலில் உங்கள் ரூம்காரர் பெயர் வராது, ஊரில் இல்லையே. அந்த நாட்டுக்காரரும் அவரைத் தங்கள் ஆளாக நினைக்கப்போவதில்லை. இரண்டு ஊரிலும் எந்தக் கட்டத்திலும் அவர் இல்லை.

அந்த ரூம்காரரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். முதுகு வலி இருந்தால் பெட்டியைக் குனிந்து தூக்க வேண்டாம். வெயிலில் தலையில் துண்டு கட்டிக்கொள்ளட்டும். வீட்டில் அவருக்கு மனைவி இருந்தால், அவளிடம் சொன்னால் அவள் ஒன்றும் இடிந்து விழுந்துவிட மாட்டாள்.

அனீஸா


ஷார்ஜா
16 நவம்பர் 2025

அன்புள்ள அனீஸா,

ஸலாம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஊரில் மழை என்று கேள்விப்பட்டேன், கொல்லைப்புறச் சுவர் பத்திரமா?

நீ எழுதியதை அந்த ரூம்காரரிடம் சொன்னேன். துண்டு கட்டிக்கொள்கிறார்.

கபீர் போனில் ஒரு செய்தி காட்டினான். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை எடுத்த கணக்கில் டெல்டா மாவட்டங்களில் வேலையில்லாதவர்கள் நன்றாகக் குறைந்துவிட்டார்களாம், வேலைவாய்ப்பு கூடியிருக்கிறதாம். படம் போட்டு, அம்புக்குறியெல்லாம் போட்டிருந்தார்கள். பச்சை அம்பு மேலே போகிறது. நீ எடுத்த கணக்குத்தானே அது? நீ கதவு கதவாகத் தட்டிக் கேட்டது செய்தியில் வந்துவிட்டது என்று ரூமில் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன்.

உண்மையைச் சொல். ஊரில் வேலை இருக்கிறதா? எட்டு வருஷம் ஸ்டோர் பார்த்தவன், கம்பியூட்டரில் ஸ்டாக் போடத் தெரிந்தவன், முப்பத்தாறு வயசு. இப்படி ஒருவன் கும்பகோணத்துக்கு வந்தால் கிடைக்குமா? சும்மாதான் கேட்கிறேன். நீ கிடைக்கும் என்று சொன்னால் யோசிக்கலாம்.

ஃபாஜில்


மேலக்காவேரி
30 நவம்பர் 2025

என் மச்சானுக்கு ஸலாம்.

சுவர் நிற்கிறது. மாமிக்கு இரண்டு நாள் ஜுரம் இருந்து விட்டுவிட்டது, பயப்பட வேண்டாம்.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். கிழித்த மூன்றிலும், வேலை நிறைய இருக்கிறது, உடனே வாருங்கள் என்றுதான் எழுதியிருந்தேன். அப்படி எழுத எனக்கு எவ்வளவு ஆசை என்று உங்களுக்குத் தெரியாது. அந்தப் பச்சை அம்பை வெட்டி ஒட்டி அனுப்பினாலே போதும், நீங்கள் டிக்கெட் போட்டுவிடுவீர்கள். வந்த பிறகு தெருத் தெருவாக அலைந்து, பொய் சொல்லி வரவழைத்தாளே என்று ஒரு நாள் என்னைப் பார்ப்பீர்கள். அந்தப் பார்வையை நான் தாங்க மாட்டேன்.

அதனால் உள்ளதைச் சொல்கிறேன். அந்தக் கணக்கு பொய்யில்லை. ஆனால் நீங்கள் நினைக்கிற பொருள் அதற்கு இல்லை. கணக்கெடுத்தது நடவுக் காலம். சேற்றில் நாலு நாள் இறங்கியவரெல்லாம் வேலையில் இருப்பவர். ஜனவரி அறுவடை முடிந்து, வயல் காய்ந்து கிடக்கும்போது எடுத்தால் அம்பு வேறு பக்கம் திரும்பும். வடை மாவு அரைக்கிற அமிர்தம் அந்த அம்பில் இருக்கிறார். திருவிடைமருதூரில் இளவழகன் என்று ஒரு இன்ஜினியர் பையன், அவன் அப்பாவின் உரக்கடையில் விசிறி போட்டு உட்கார்ந்திருக்கிறான். கடைக்கு அப்பாவே போதும், அவனும் வேலையில் இருப்பவன். அவன் அண்ணன் மூன்று வருஷம் தேடி அலுத்து, தேடுவதையே விட்டுவிட்டான். தேடாதவன் வேலையில்லாதவன் இல்லை, அவன் எண்ணிக்கையிலிருந்தே கழன்றுவிடுகிறான். மீதி ஆட்கள் உங்களைப் போல விமானம் ஏறிவிட்டார்கள். ஊரில் இல்லாதவன் வேலையில்லாதவனாகவும் இருக்க முடியாது. இப்படியும்தான் குறைகிறது.

மச்சான், ஒரு ஸ்டோர் கீப்பருக்குக் கும்பகோணத்தில் என்ன கிடைக்கும் என்று ஆறேழு கடையில் விசாரித்தேன். உறவுக்காரருக்கு என்று சொல்லித்தான் கேட்டேன். ஒரு பாத்திரக்கடையில் தீபாவளிக்கு எடுத்த ஆளையே நிறுத்திவிட்டார்கள். ஒரு சிமெண்ட் ஏஜென்சியில் பொங்கலுக்குப் பிறகு வந்து பார்க்கச் சொன்னார்கள். வேறு எதுவும் இல்லை.

நான் கேட்காத ஒன்றுக்கு நீங்களாகப் பதில் எழுதுங்கள்.

அனீஸா


மேலக்காவேரி
29 டிசம்பர் 2025

என் மச்சானுக்கு ஸலாம்.

மூஸா அண்ணன் பேரீச்சம்பழமும் பால் பவுடரும் கொண்டுவந்தார். டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். கடிதம் இல்லை. நான் எழுதிய உண்மை உங்களை ஊமையாக்கிவிட்டதோ என்று ஒரு மாதமாக என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை போனில் மாமியிடம் நீங்கள் சிரித்த சிரிப்பு உங்கள் சிரிப்பே இல்லை.

இப்போது எழுதுவதைப் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் டீமில் மாலதி என்று ஒருவர் இருக்கிறார். டவுன் பகுதியை இதுவரை வேறு ஏஜென்சியில் அரவிந்தன் என்பவர் பார்த்தார். அவர் வேலையை விட்டுவிட்டதால் மாலதியிடம் கொடுத்திருக்கிறார்கள். டவுனில் ஒரே வீட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போக வேண்டும். பழைய விவரம் டேபிலேயே இருக்கும். போன வாரம் சாப்பிடும்போது மாலதி என்னிடம், "அனீஸா, உங்க வீடு என் லிஸ்ட்ல இருக்குது. உங்க வீட்டுக்காரர் ஊருக்கு வந்துட்டாராமே, சொல்லவே இல்ல?" என்றார்.

கையில் சோற்றோடு அப்படியே இருந்தேன். ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன் மச்சான். நீங்கள் எனக்குத் தெரியாமல் வந்து வீட்டில் இருக்கிறீர்கள், நான்தான் கவனிக்காமல் தினமும் பஸ் ஏறிக்கொண்டிருக்கிறேன் என்று. பைத்தியக்காரத்தனம்தான்.

மாலதி டேபைக் காட்டினார். குடும்பத் தலைவர் மெஹராஜ் பேகம். மகன் ஃபாஜில், வீட்டில் இருக்கிறார், கட்டுமானச் சாமான் கடையில் ஸ்டோர் கீப்பர், வாரத்தில் ஏழு நாளும் வேலை. மருமகள் அனீஸா. வீட்டில் மூன்று பேர். ஜூலையிலும் அக்டோபரிலும் அப்படியே.

வீட்டுக்கு வந்து மாமியிடம் கேட்டேன். கொஞ்சமும் அசரவில்லை. முன்பின் தெரியாத ஆள் வந்து வீட்டில் யார் யார் என்று கேட்டால் வேறு என்ன சொல்வதாம். "ஆம்பள இல்லாத வீடுன்னு அசலாளுக்குத் தெரியலாமா? கொழாய்க்காரன் வந்தாலும், கேஸ்காரன் வந்தாலும் எம்மவன் கடத்தெருவுக்குப் போயிருக்கான்னுதான் சொல்லுவேன்." உங்கள் அத்தா மௌத்தான நாளிலிருந்து இப்படித்தானாம். உங்கள் செருப்பு இன்னும் வாசலில் ஏன் இருக்கிறது என்று நான் இதுவரை கேட்டதே இல்லை.

நீங்கள் ரூமில் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னீர்களே, அந்தப் பச்சை அம்பில் நீங்களும் இருக்கிறீர்கள். இங்கே உங்களுக்கு வேலை இருக்கிறது. வேலை முடிந்து தினமும் வீட்டுக்கு வருகிறீர்கள். நான்தான் அந்த வீட்டைப் பார்த்ததில்லை.

இதைத் திருத்த வேண்டும். அது என் வேலைக்கு நான் செய்ய வேண்டிய மரியாதை. மாலதி உடனே பெயரை எடுத்துவிடுகிறேன் என்றார். சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜனவரி கடைசிக்குள் நேரில் வந்து கேட்டு எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஒருவர் பெயர் பட்டியலில் இருக்க அவர் ஆறு மாதம் வீட்டில் இருந்திருக்க வேண்டும், அல்லது இனி இருக்கப் போகிறவராக இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வீட்டில் இரண்டு பேர் என்று நானே சொல்லிவிடுவேன்.

வெங்காயப் பெட்டி இறக்குபவர் யார் என்று எனக்கு அக்டோபர் முதல் தேதியே தெரியும். நீங்களாகச் சொல்வீர்கள் என்று இருந்தேன். எனக்குக் கோபம் இருக்கிறது. வேலை போனதற்கு இல்லை. ஏழு மாதமாக என்னை அசலாள் மாதிரி நடத்தினீர்களே, அதற்கு.

வேலை இருக்கிறது என்று எழுதி உங்களைக் கூப்பிட மாட்டேன். வேலை இல்லை. இல்லாவிட்டாலும் வாருங்கள்.

அனீஸா


ஷார்ஜா
14 ஜனவரி 2026

என் அனீஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பு நலம் என்று வழக்கம்போல எழுதப் பார்த்தேன். நலமில்லை. முதுகு வலி அதிகம். ஆறு கிலோ இளைத்திருக்கிறேன், பார்த்ததும் அழாதே.

ஜூன் ஒன்பதாம் தேதி என்னையும் சேர்த்துப் பதினான்கு பேரை நிறுத்தினார்கள். உன் முதல் கடிதம் வந்தபோது எனக்கு வேலை போய் மூன்று வாரம். எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று நீ எழுதியிருந்தாய். அந்தச் சந்தோஷத்தில் மண்ணை அள்ளிப் போட மனசு வரவில்லை. அடுத்த மாதம் சொல்லலாம், அதற்கடுத்த மாதம் சொல்லலாம் என்று போய்விட்டது. காலையில் ஆறு பேரில் ஐந்து பேர் வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்கள் திரும்பி வருகிறவரை நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். சில நாள் குரல் இருக்கிறதா என்று பார்க்க, உன் கடிதத்தை வாய்விட்டுப் படிப்பேன்.

நவம்பர் கடிதத்துக்குப் பதில் எழுதாததற்குக் காரணம் நீ சொன்ன உண்மை இல்லை. பொய் சொல்லிக் கூப்பிட ஆசையாக இருந்தும் நீ கூப்பிடவில்லை. அதைப் படித்த பிறகு, பொய் சொல்லிக்கொண்டே உனக்கு எழுத எனக்கு வெட்கமாக இருந்தது.

விசா இருபத்தெட்டாம் தேதி முடிகிறது. கபீர் இன்னொரு மூன்று மாதத்துக்குப் போட்டுத் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். இருபத்தேழாம் தேதி திருச்சியில் இறங்குகிறேன். அம்மாவிடம் லீவில் வருவதாகச் சொல்லாதே. நான் வந்து சொல்கிறேன்.

மாலதியை முப்பதாம் தேதி வரச் சொல். அம்மாவை உள்ளே உட்கார வைத்துவிடு, நானே வாசலுக்கு வருகிறேன். வேலை பார்க்கிறீர்களா என்று கேட்டால் இல்லை என்பேன். தேடுகிறீர்களா என்றால் ஆமாம் என்பேன். பச்சை அம்பு என்னால் கொஞ்சம் இறங்கினால் இறங்கட்டும். மூன்றாவதாக, வீட்டில் இருக்கிறவரா என்று கேட்பார்கள் அல்லவா? ஆறு மாதம் இருந்தவன் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இனி இருக்கப் போகிறவர் என்று எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

ஃபாஜில்